பாதி மேகத்தில் நின்ற வண்டி

பகல் கனவு காண்கிறவர்களுக்கென்று சில வேலைகள் இருக்கின்றன. ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டு உட்காரலாம். மாந்தோப்புக்குக் காவல் இருக்கலாம். ரயிலே நிற்காத ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கலாம். கரண்டில் ஓடும் எதையும் மட்டும் அவர்கள் கையில் கொடுத்துவிடக் கூடாது. இது எனக்கு இப்போது தெரியும். எங்கள் குடோனுக்கு என்னைவிடக் கொஞ்சம் முன்னாலேயே தெரிந்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. நகரியில் எங்கள் வீட்டின் முன்பாதியில் பவர்லூம் ஓடும், பின்பாதியில் நாங்கள் இருப்போம். நைனா தறிகளுக்கு நடுவில் நின்று கத்திப் பேசுவார். நான் தலையாட்டுவேன். அவர் என்ன சொன்னார் என்று ஒருநாளும் என் காதில் விழுந்ததில்லை. என் தலைக்குள் அந்தத் தறிச் சத்தம் மழையாகவோ, கடலாகவோ, எங்கோ தூரத்தில் போகும் குதிரைப் படையாகவோ மாறியிருக்கும். (நைனா ஒருமுறை "தாமு, ஸ்டூல நவுத்து" என்று சொன்னதற்கு நான் சிரித்தபடி தலையாட்டிவிட்டு நின்றேனாம். அதற்குப் பிறகு தறிப் பக்கமே என்னை விடவில்லை.)

அப்படிப்பட்டவன், புத்தூர் தாண்டி ரேணிகுண்டா போகும் வழியில் ஒரு ஐஸ்கிரீம் குடோனில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளியே சித்திரை வெயில். தார் ரோடு இளகி செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே பெரிய குளிர் அறை. பஞ்சு வைத்துத் தைத்த ஜாக்கெட்டும் குல்லாவும் போட்டுக்கொண்டுதான் நுழைய வேண்டும். மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வரும். வெளி வெப்பமும் உள் குளிரும் முட்டிக்கொள்வதால், தள்ளுகதவைத் திறந்த மாத்திரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு மேகம் தரையோடு உருண்டு வெளியே வரும். முதல் நாள் அதைப் பார்த்ததும் நான் வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. திருமலைக்குப் போகிறவர்கள் மலை ஏறித்தான் மேகத்தைத் தொடுகிறார்கள். எனக்கு அது பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கிடைத்தது. கூடவே சம்பளமும் கொடுத்தார்கள்.

அங்கே எனக்கு ஓட்டக் கொடுத்த வண்டியின் பெயர் பேலட் டிரக். பேலட் என்பது மரச் சட்டங்களை அடித்துச் செய்த தட்டு. அதன்மேல் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். வண்டிக்குப் பின்னால் இரண்டு நீளக் கொம்புகள். அவற்றைத் தட்டுக்கு அடியில் நுழைத்து, ஒரு பொத்தானை அமுக்கினால் அத்தனை பாரமும் தரையிலிருந்து லேசாக எழும்பும். முன்னால் ஒரு நீளக் கைப்பிடி. கட்டைவிரலால் அதிலுள்ள விசையைத் தள்ளினால் போதும், பேட்டரி பாரத்தை இழுத்துக்கொண்டு வரும். நாம் முன்னால் நடந்தால், அது பின்னாலேயே பழக்கின யானைக்குட்டி போல வரும். கையை விட்டால் நிற்கும். கரண்ட் தீர்ந்தாலும் நிற்கும். அப்படி நிற்கும்போது பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு தள்ளினாலும் நகராது. இந்தக் கடைசிச் சங்கதியைப் பயிற்சியின்போது சொன்னார்களாம். நான் தலையாட்டியிருக்கிறேன்.

அந்த வருடம்தான் அக்கா கோமதிக்குப் பாலசமுத்திரத்தில் சம்பந்தம் முடிவானது. அக்காவின் மாமனார் முனிரத்தினம் மாமா மாந்தோப்பு வைத்திருப்பவர். மடிப்புக் கலையாத வேட்டி. ஒரு வார்த்தை பேசிவிட்டு அடுத்த வார்த்தைக்கு நெடுநேரம் யோசிக்கிற மனிதர். நிச்சயதார்த்தத்தன்று அவர் நைனாவிடம், பையன் என்ன செய்கிறான் என்று கேட்டார். மிஷின் ஓட்டுகிறான் என்றார் நைனா. எந்த மிஷின் என்று மாமா கேட்க, நைனாவுக்கு அது தெரியாததால் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். அவர் காட்டிய அளவுக்கு அது ரயில் எஞ்சினாகவோ கப்பலாகவோதான் இருக்க முடியும். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் வண்டி என் இடுப்பு உயரம்தான் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் நைனா விரித்த கைகளுக்கு நடுவில் நானே அந்த மிஷினைப் பார்த்துவிட்டேன். அது பனிக்குள்ளிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தது.

"ஒருநாள் வந்து பாருங்க மாமா" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ரிசப்ஷனுக்கு ஐஸ்கிரீம் என் பொறுப்பு, எங்கள் குடோனிலிருந்தே எடுத்து வருகிறேன் என்றும் சொல்லிவைத்தேன். அம்மா பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரிசப்ஷன் நாளும் வந்தது. சாயங்காலம் நகரியில் ரிசப்ஷன், மறுநாள் காலையில் முகூர்த்தம். முனிரத்தினம் மாமா திருப்பதியில் பூ எடுத்துக்கொண்டு தன் குட்டி வேனில் திரும்பும் வழியில், மத்தியானம் குடோனுக்கு வந்து ஐஸ்கிரீமை ஏற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அப்படியே மிஷினையும் பார்த்துவிடலாம் என்று அவரே போனில் சொன்னார். அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தைகள் தொடர்ந்து வந்ததே பெரிய விஷயம்.

காலையில் வேலைக்குப் போனதும் வண்டியைச் சார்ஜில் போட்டேன். ஒயரை எடுத்து, சுவரில் இருந்த பிளக்கில் சரியாகச் செருகினேன். செருகிய கையோடு, மாமா முன்னால் எப்படி வருவது என்ற யோசனை வந்துவிட்டது. கதவு திறக்கும். மேகம் உருளும். முதலில் என் நிழல் தெரியும், பிறகு குல்லா, பிறகு முகம். எனக்குப் பின்னால் பெட்டிகளின் கோபுரம் மிதந்து வரும். இதை நான் பல விதமாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒன்றில் அக்கா பட்டுப்புடவையோடு கோபுரத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். (குளிராதா என்று நான் யோசிக்கவில்லை.) பிளக்குக்கு மேலே ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான்.

குடோனுக்குப் பொறுப்பு பத்மா மேடம். திருப்பதிக்காரர். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார், கோபம் வந்தால் தெலுங்கிலேயே நின்றுவிடுவார். அன்று சரக்கு ஏற்ற வேண்டிய குளிர் லாரி காளஹஸ்தியைக்கூட இன்னும் தாண்டவில்லை, அது வந்து நிற்கும்வரை குளிர் அறைக் கதவைத் திறக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அந்தக் கதவுதான் உயிர். கதவு திறந்திருக்கிற நேரமெல்லாம் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டே நிற்பார்.

ஐஸ்கிரீம் பெட்டிகளைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து மாமாவிடம் கொடுத்திருந்தால் அரை நிமிட வேலை. ஆனால் கையில் தூக்கி வந்தால் மிஷின் எங்கே இருக்கிறது? அதனால் கல்யாணப் பெட்டிகளை, லாரிக்காக அடுக்கி வைத்திருந்த மாம்பழ ஐஸ்கிரீம் கோபுரத்தின் உச்சியில் வைத்தேன். முழுப் பாரத்தையும் வெளியே இழுத்து வந்து, மேலே இருப்பதை மாமாவிடம் கொடுத்துவிட்டு, மீதியைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்விடுவது என்பது திட்டம். கூட வேலை செய்யும் ஏழுமலை அண்ணனிடம், மாமா கதவுக்கு நேராக வந்து நின்றதும் தட்டிவிட்டுத் திறக்கச் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். கல்யாண வீட்டுக்காரன் என்று விட்டுவிட்டார்.

நான் உள்ளே காத்திருந்தேன். அங்கே சத்தமே இல்லை. மேலே காற்றாடிகளின் முனகல் மட்டும். பெட்டிகளின் ஓரமெல்லாம் பனிப்பூ பூத்திருந்தது. வண்டியின் கைப்பிடியில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு விட்டுவிட்டு மினுங்கியது. பனிக்குள் அது அத்தனை அழகாக இருந்தது. மார்கழியில் யாரோ வாசலில் வைத்துவிட்டுப் போன அகல்போல. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கதவு தட்டப்பட்டது. திறந்தது. மேகம் உருண்டு வெயிலுக்குள் போனது. நான் மோவாயை உயர்த்திக்கொண்டு, கட்டைவிரலால் விசையைத் தள்ளி, நடக்க ஆரம்பித்தேன். எதிரே புகைக்கு நடுவில் மாமாவின் வேட்டி தெரிந்தது. பின்னால் கோபுரம் சத்தமில்லாமல் மிதந்து வந்தது. என் வாழ்க்கையில் நினைத்தது நினைத்தபடியே நடந்த நிமிஷம் அது ஒன்றுதான்.

வண்டி கதவைத் தாண்டியது. கோபுரம் பாதி தாண்டியது. "டக்" என்று வண்டியின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. நான் மட்டும் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்து, கைப்பிடி பின்னுக்கு இழுத்ததில் மல்லாக்கச் சாயப்போய் நிமிர்ந்தேன்.

விசையைத் தள்ளினேன். ஒன்றுமில்லை. சாவியைத் திருப்பினேன். ஒன்றுமில்லை. தோளைக் கொடுத்து இழுத்தேன். சுவரை இழுப்பது போலிருந்தது. கதவை மூட வழியில்லாமல் கோபுரம் நிலைப்படியில் சரியாக நடுவில் நின்றது. உள்ளே போக ஒரு பூனைக்குக்கூட இடமில்லை. பெட்டிகளுக்கு மேலும் பக்கத்திலும் மேகம் கொட்டிக்கொண்டே இருந்தது.

மாமா இடுப்பளவு மேகத்தில் கைகட்டி நின்றார். இதுவும் முறையில் சேர்ந்தது என்று நினைத்திருப்பார் போல.

"மெதுவாவே வா தம்பி. அவுசரம் ஒண்ணும் இல்ல" என்றார்.

அப்போது உள்ளே பஸ்ஸர் அடிக்க ஆரம்பித்தது. அறையின் குளிர் குறைகிறது என்று அர்த்தம். பத்மா மேடம் ஓடி வருவது கேட்டது. ஆனால் ஆளைக் காணவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏமாயிந்தி தாமு? கதவ மூடு."

"மூட முடியாது மேடம். வண்டி நடுவுல கீது."

"வண்டிய எடு."

"வண்டி வரமாட்டேங்குது மேடம்."

சார்ஜ் போட்டாயா என்று கேட்டார். போட்டேன் என்றேன், கோவிலில் சத்தியம் செய்கிற குரலில். அவர் செருப்புச் சத்தம் சுவர்ப் பக்கம் போனது. அங்கே நின்றது. திரும்பி வந்தபோது நடை மெதுவாகிவிட்டிருந்தது.

"பிளக்கு பெட்டினாவு, சொருகிட்ட. ஸ்விட்ச்?"

மேகம் என்னை மறைத்துக்கொண்டிருந்தது என்பதில் எனக்கு அந்த நேரத்தில் பெரிய நன்றி இருந்தது.

கோபுரத்தைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பாரம் இறங்கினால்தான் வண்டியை நகர்த்த முடியும். வாட்ச்மேன், லேபிள் ஒட்டும் பெண்கள், கணக்கு எழுதுகிறவர், எல்லோரும் ஓடி வந்தார்கள். முனிரத்தினம் மாமா யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார். அதற்கு முன்னால் வேனிலிருந்து பூக்கூடைகளை இறக்கிக் கதவோரம் மேகத்துக்குள் வைத்தார். "வெயில்ல வாடும்" என்று அதற்கு மட்டும் காரணம் சொன்னார்.

அந்த வேலையை நான் இன்றைக்கும் கனவில் காண்கிறேன். யாருக்கும் யாரும் தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கை வரும், பெட்டியை வாங்கும், மறையும். மல்லிகை வாசனையும் மாம்பழ வாசனையும் கலந்து, காலில் குளிரும் தலையில் வெயிலுமாக, வானத்தில் குடித்தனம் நடத்துவது போலிருந்தது. ஒரு பெட்டியைப் பக்கத்துக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்திலிருந்து அதே பெட்டி எனக்கே திரும்பி வந்தது. (வரிசை வட்டமாகிவிட்டது என்று பிறகுதான் கண்டுபிடித்தோம். நாலைந்து பெட்டிகள் அதற்குள் எங்களைச் சுற்றிச்சுற்றி வந்திருந்தன.) அக்காவுக்கு இந்த மேகத்திலேயே தாலி கட்டினால் எப்படியிருக்கும் என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். அப்போதுகூட.

"தம்பி, பொட்டிய புடி. எங்க போய்க்கினு கீற" என்றது மாமாவின் குரல்.

கடைசிப் பெட்டி இறங்கியதும் எல்லோரும் சேர்ந்து வண்டியை இழுத்தோம். பிடித்துக்கொண்ட சக்கரம் தரையில் கறுப்பாக ஒரு கோடு போட்டுக்கொண்டு, கழுதை கத்துவது போலக் கத்திக்கொண்டு நகர்ந்தது. ஏழுமலை அண்ணன் கதவைத் தள்ளி மூடினார். கொஞ்ச நேரத்தில் பஸ்ஸர் நின்றது. அறையும், அதற்குள் இருந்த மற்ற சரக்கும் தப்பித்தன. பத்மா மேடம் அப்போதுதான் மூச்சு விட்டிருப்பார். பக்கத்திலிருந்த ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார்.

மேகம் மெதுவாகக் கலைந்தது. வெயிலில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மேடம் கொஞ்சம் குள்ளமாகத் தெரிந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் குள்ளமானார். பெட்டி அவரோடு சேர்ந்து, அவசரமே இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தரையைத் தொட்டதும் பக்கவாட்டில் மஞ்சளாக ஒரு நீரூற்று கிளம்பியது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்கு அன்று நாங்கள் பட்ட பாடு, பெட்டி தூக்கியதைவிடப் பெரிது.

இறக்கி வைத்த பெட்டிகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கதிதான். மூலைகளிலிருந்து மாம்பழ ஐஸ்கிரீம் கசிந்து, சரிவில் இறங்கி, வெயிலில் பளபளத்துக்கொண்டு வாசல் வரைக்கும் ஒரு சின்ன ஆறாகப் போனது. எறும்புகள் வந்தன. இரண்டு நாய்கள் வந்து, நம்ப முடியாமல் எங்களைப் பார்த்தன. உருகினதைத் திரும்ப உறைய வைத்து விற்கக் கூடாது, அந்த அடுக்கு போனது போனதுதான் என்று மேடம் முழுத் தெலுங்கில் சொன்னார். என் கல்யாணப் பெட்டிகள் உச்சியில் இருந்ததால், முதலில் இறங்கியவை அவைதான். எல்லாவற்றையும்விட அதிக நேரம் வெயில் காய்ந்தவையும் அவைதான்.

நான் ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் அவற்றின் முன்னால் நின்றேன். நகரியில் பந்தல் போட்டிருப்பார்கள். அம்மா எல்லோரிடமும் சொல்லியிருப்பாள். மாமா வந்து என் பக்கத்தில் நின்றார்.

"கெட்டுப் பூடுச்சா?"

"இல்ல மாமா. உருகிடுச்சு."

அவர் யோசித்தார்.

"ரெண்டும் வேறதான?"

"வேறதான் மாமா."

ஒரு டப்பாவைத் திறந்து, அண்ணாந்து கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மாம்பழம் விளைவிக்கிறவர், எந்தத் தோப்பு என்று நாக்கிலேயே விசாரிப்பது போலிருந்தது.

"இன்னும் ஜில்லுனுதான் கீது. ஏத்து" என்றார்.

அன்று சாயங்காலம் பந்தியில் ஐஸ்கிரீம் கப்பும் மரக்கரண்டியும் வரவில்லை. சமையல்காரர் டம்ளர் வைத்தார். பாயசக் கரண்டியால் மொண்டு ஊற்றினார். நைனா ஒவ்வொரு டம்ளரையும் ஒரு துக்கச் செய்தி போலப் பார்த்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று அம்மா சமையல் கட்டை விட்டு வெளியே வரவில்லை. முதல் பந்தி நிமிர்ந்து பார்த்தது, குடித்தது. பிறகு விஜயபுரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை டம்ளரை நீட்டி, அந்த மாம்பழப் பாயசத்தை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அதைக் கேட்டு அவருக்கு எதிரே இருந்தவர் நீட்டினார். இரண்டாம் பந்தி உட்காரும் முன்பே பெரிய குண்டான் காலி.

நைனாவுக்கு உயிர் வந்தது. நாலு பேர் கேட்கும்படி மாமாவிடம் போய், பையனோட மிஷினைப் பார்த்தீங்களா, எப்படி ஓடுது என்று கேட்டார். நான் அங்கேயிருந்து நகர்வதற்குள் மாமா யோசித்து முடித்துவிட்டார்.

"ஓடுனத பாக்கல. நின்னத பாத்தேன். நல்லா நிக்குது."

பந்தல் சிரித்ததில் மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மேடையில், கழுத்து நிறைய வாடாத மல்லிகையோடு, மாலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள்.

குடோனில் என்னை அனுப்பிவிடவில்லை. பேட்டரி வண்டிப் பக்கம் நெடுநாள் விடவில்லை, அவ்வளவுதான். கையால் இழுக்கிற வண்டியை இழுத்தேன். அதற்குப் பேட்டரி இல்லை, கனவு கண்டால் அதுவும் அந்த இடத்திலேயே நின்றுவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இப்போது திரும்பவும் பேட்டரி வண்டி ஓட்டுகிறேன். தரையில் அந்தக் கறுப்புக் கோடு இன்னும் போகவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் பத்மா மேடம் முதலில் அதைத்தான் காட்டுகிறார். பெயர் சொல்வதில்லை. என்னைத் திரும்பிப் பார்ப்பதோடு சரி.

பாலசமுத்திரத்தில் விஷயம் வேறு மாதிரி வேர் பிடித்துவிட்டது. அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் முனிரத்தினம் மாமா ஐஸ்கிரீம் வாங்கி, வெயிலில் வைத்து, பதம் பார்த்து, டம்ளரில் ஊற்றித்தான் கொடுப்பார். காதுகுத்துக்கு அப்படி, கிரகப்பிரவேசத்துக்கு அப்படி. ஊரே பழகிவிட்டது. அதைக் குடிக்கிற எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் குடித்துவிட்டுச் சிரிப்பேன்.

போன மாதம் அக்கா மகளைத் திருப்பதிக்கு அழைத்துப் போயிருந்தேன். நாலு வயது. கடைத்தெருவில் அவளுக்கு ஒரு கோன் ஐஸ் வாங்கிக் கையில் கொடுத்தேன். அப்படியொன்றை அவள் அதுவரை பார்த்ததில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலால் அமுக்கினாள். பிறகு என்னிடமே நீட்டினாள்.

"மாமா, இது இன்னும் ஆவல."

நான் கோனை வாங்கிக்கொண்டு, நிழலை விட்டு நகர்ந்து, வெயிலில் போய் நின்றேன்.